திரும்பி வராத ஆறு பேர்

(முன்னாள் மாணவர் சங்கமத்தின் காலை அமர்வில், சிவில் துறை 2007–2011 அணியைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன மாதம் போனில் கூப்பிட்டார். "தம்பி, நீ அமெரிக்காவில் மூணு வருஷம் இருந்துட்டு வந்திருக்கே. அங்கே காலேஜ் பசங்க ஃபிரட்டர்னிட்டின்னு ஏதோ வச்சிருக்காங்களாமே, அதைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசு. கடைசியிலே நம்ம சங்கத்துக்கும் ரெண்டு வார்த்தை சொல்லு" என்றார். அண்ணன் சொன்னால் மறுக்க முடியாது. மேலும், சகோதரத்துவம் என்ற சொல்லை மேடையில் சொன்னால் கைதட்டல் உறுதி. ஆனால் அதை அளந்து பார்க்க யாரும் டேப் எடுத்து வருவதில்லை. நான் பழைய பாலங்களைச் சோதிக்கும் தொழிலில் இருப்பவன். எதைப் பார்த்தாலும் விரிசல் எங்கே என்று தேடுகிற புத்தி வந்துவிட்டது. ஆகவே பொதுவாகப் பேசாமல், ஒரே ஒரு சகோதரர் சங்கத்தை எடுத்துக் கொண்டு, அது ஏன் தோன்றியது, என்ன செய்தது, எங்கே விரிசல் விட்டது என்று சொல்லப் போகிறேன்.

ஃபிரட்டர்னிட்டி என்ற சொல் ஃபிராட்டர் என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. சகோதரன் என்று பொருள். வடமொழியில் பிராதா என்கிறோமே, அதற்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்கள் தங்களுக்குள் ஆள் பொறுக்கிச் சேர்த்துக் கொள்ளும் சங்கங்கள் இவை. பெயர் கிரேக்க எழுத்துக்களில் இருக்கும். ரகசியச் சடங்கு உண்டு, ரகசியக் கைகுலுக்கல் உண்டு, பல இடங்களில் சொந்த வீடும் உண்டு. பெண்களுக்கு இதே மாதிரி சொராரிட்டி என்று தனியாக இருக்கிறது. ஆங்கிலப் படம் பார்க்கிற தம்பிகளுக்கு ஃபிரட்டர்னிட்டி என்றதும் பீர் பாட்டிலும் பாட்டும் கூத்தும்தான் ஞாபகம் வரும். அதுவும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கிரேக்க எழுத்து வைத்துக் கொண்ட முதல் சங்கம் ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பர் 5ஆம் தேதி, வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்தது. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஆசிரியர்கள் காதில் விழாமல் அரசியலும் தத்துவமும் விவாதிக்க ஒரு இடம் வேண்டும் என்பதே நோக்கம். இன்றைக்கு அது நன்றாகப் படிக்கிறவர்களைக் கௌரவிக்கிற சங்கமாக மாறிவிட்டது. இன்று நாம் பார்க்கிற மாதிரியான ஃபிரட்டர்னிட்டி 1825ல் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி என்ற ஊரில், யூனியன் கல்லூரியில் கப்பா ஆல்ஃபா சங்கத்தோடு தொடங்குகிறது. சிவில்காரர்களுக்கு ஒரு செய்தி: அந்த ஊர் வழியாகப் போகிற ஈரி கால்வாய் முழுவதுமாகத் திறக்கப்பட்டதும் அதே 1825ல்தான். இந்தக் கால்வாய் மறுபடி வரும், ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

நான் அந்த மாநிலத்தில் பாலப் பராமரிப்பு வேலையில் இருந்தபோது என்னோடு ஒரு மூத்த பொறியாளர் இருந்தார். ஆப்பிரிக்க அமெரிக்கர், ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம் இருந்தது. கோட்டு போட்டால் சட்டை மடியில் கறுப்பும் மங்கிய பொன் நிறமுமாக ஒரு சிறு பின் குத்தியிருப்பார். ஒருநாள் பாலத்துக்கு அடியில் ஏணி வைத்து நின்று கொண்டிருந்தபோது, அது என்ன சார் என்று கேட்டேன். "ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. என் முதல் தலைவர் ஒரு சிவில் இன்ஜினியர், தெரியுமா?" என்றார். அன்றைக்கு ஆரம்பித்த கதை, நான் ஊர் திரும்பும் வரை தவணை தவணையாக ஓடியது. அவர் சொன்னதை நானும் நூலகத்தில் சரிபார்த்துக் கொண்டேன்.

அந்தக் கதை இத்தக்கா என்ற மலை ஊரில், கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. ஆனாலும் தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி, தனிக் குழாய்த் தண்ணீர். வடக்கே இருந்த கார்னெல் அவர்களைச் சேர்த்துக் கொண்டது. சேர்த்துக் கொண்டது, அவ்வளவுதான். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது, சேர்ந்து படிக்கக் கூப்பிடுவார் கிடையாது. வெள்ளை மாணவர்களின் ஃபிரட்டர்னிட்டிகள் அவர்களைச் சேர்க்கவில்லை. அந்த வீடுகளுக்குள் பரிமாறுபவராக மட்டும் போகலாம். ஊருக்குள் இருந்த கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் இடம் பிடித்துத் தங்கி, கிடைத்த வேலை செய்து படித்தார்கள்.

1904–05 கல்வியாண்டில் கார்னெலில் படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை.

ஆயிரக்கணக்கானோர் படிக்கிற பல்கலைக்கழகத்தில் ஆறு பேர் குறைந்தால் யாருக்குத் தெரியும்? நிர்வாகத்துக்கு அது ஒரு கணக்கே இல்லை. ஆனால் கறுப்பின மாணவர்களே கைவிட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். மீதி இருந்தவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் அந்த ஆறு காலி இடம் கண்ணில் பட்டது. அடுத்தது நாமா என்ற பயமும் வந்திருக்கும். 1905–06ல் சேர்ந்து படிக்கவும் விவாதிக்கவும் ஒரு இலக்கிய வட்டம் ஏற்படுத்தினார்கள். அது போதுமா, இல்லை முழு ஃபிரட்டர்னிட்டியாகவே ஆக்கிவிடலாமா என்று அவர்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. சிலர் ஒத்துக்கொள்ளாமல் விலகினார்கள். கடைசியில் 1906 டிசம்பர் 4ஆம் தேதி ஃபிரட்டர்னிட்டி என்றே முடிவானது. ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா பிறந்தது. கிரேக்க எழுத்துப் பெயரோடு கல்லூரி மாணவர்களுக்கு இடையே தோன்றி இன்றுவரை நிலைத்திருக்கும் கறுப்பினச் சகோதரர் சங்கங்களில் அதுவே மூத்தது.

தொடக்கிய ஏழு பேரை அவர்கள் ஏழு மணிகள் என்று சொல்கிறார்கள். ஹென்றி ஆர்தர் காலிஸ், சார்லஸ் ஹென்றி சாப்மன், யூஜின் கின்கிள் ஜோன்ஸ், ஜார்ஜ் பிடில் கெல்லி, நதானியல் அலிசன் மரே, ராபர்ட் ஹெரால்ட் ஓகிள், வெர்ட்னர் உட்சன் டாண்டி. பெயர் எல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, பரீட்சை வைக்க மாட்டேன். ஆனால் நம்ம தொழில்காரர்கள் இருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கெல்லிதான் என் நண்பர் சொன்ன முதல் தலைவர். 1908ல் கார்னெலில் சிவில் பட்டம் பெற்றார். நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினப் பொறியாளர் அவர்தான். மாநிலப் பொறியியல் துறையில் சேர்ந்து, பழைய ஈரி கால்வாயை அகலப்படுத்திப் பெரிய படகுகள் போகிற மாதிரி மாற்றிய பார்ஜ் கால்வாய் வேலையில் இருந்தார். சொன்னேனே, கால்வாய் மறுபடி வரும் என்று! டாண்டி கட்டடக்கலைஞர். அந்த மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக்கலைஞர். கறுப்பினப் பெண்களுக்கான கூந்தல் தைலம் விற்றுப் பெரும் செல்வம் சேர்த்த மேடம் சி. ஜே. வாக்கர் என்ற அம்மையாருக்கு அவர் கட்டிக் கொடுத்த மாளிகை, 1918ல் முடிந்தது, இன்றும் ஹட்சன் நதிப் பக்கம் இர்விங்டன் ஊரில் கம்பீரமாக நிற்கிறது. ஒரு நூற்றாண்டு தாண்டிய கட்டடம் நிற்கிறது என்றால் அஸ்திவாரம் போட்டவனை மதிக்க வேண்டும்.

இந்தப் பசங்களுக்கு அப்போது இருபது, இருபத்திரண்டு வயசு. மூன்று கொள்கை வைத்தார்கள்: ஆண்மையுள்ள செயல், கல்வி, மனித குலம் முழுவதன் மீதும் அன்பு. மூன்றாவதைக் கவனியுங்கள். யார் தங்களை வீட்டுக்குள் சேர்க்கவில்லையோ அவர்களையும் அது விட்டுவிடவில்லை. 1940களிலேயே இன வேறுபாடு இல்லாமல் யாரும் சேரலாம் என்று வழி திறந்தார்கள். அதே காலத்தில் பல வெள்ளைச் சங்கங்களின் விதிப் புத்தகத்தில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்று அச்சிலேயே இருந்தது.

1907 முடிவதற்குள் வாஷிங்டனில் உள்ள ஹோவார்டு பல்கலைக்கழகத்திலும் ஒரு கிளை தொடங்கிவிட்டது. அங்கேயே 1908ல் பெண்களுக்கான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா ஆரம்பமானது. நம்ம மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட சியாமளா அம்மையாரின் மகள் கமலா ஹாரிஸ், 2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணை அதிபராக இருந்தாரே, அவர் ஹோவார்டில் படித்தபோது இந்தச் சங்கத்தில் சேர்ந்தவர்தான். (கைதட்டல்.) கைதட்டுங்கள், தப்பில்லை. ஆனால் ஊர்க்காரர் என்பதற்காகத் தட்டுகிறோமா, அந்தச் சங்கத்துக்காகத் தட்டுகிறோமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆல்ஃபா செய்த வேலைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, உயர்நிலைப் பள்ளிக்குப் போ, கல்லூரிக்குப் போ என்று ஒரு இயக்கம். 1920களில் நாடு முழுவதும் நடத்தினார்கள். உறுப்பினர்கள் பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய்ப் பேசினார்கள். படித்து முடித்தவன் படிக்காத வீட்டுக் கதவைத் தட்டுவது என்ற வேலை. இது இன்றும் அவர்கள் திட்டப் பட்டியலில் இருக்கிறது.

இரண்டாவது ஒரு வழக்கு. டொனால்ட் மரே என்ற பட்டதாரி இளைஞர் மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்பதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வழக்கை முன்னெடுத்ததில் ஆல்ஃபா சங்கத்துக்குப் பெரும் பங்கு. நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல், அவரும் ஆல்ஃபாக்காரர், அப்போதுதான் தொழில் தொடங்கிய வக்கீல். பால்டிமோர்தான் சொந்த ஊர். அந்தச் சட்டக் கல்லூரி தன்னைச் சேர்க்காது என்பதால், தினமும் ரயிலேறி வாஷிங்டன் போய் ஹோவார்டில் சட்டம் படித்தவர். 1935ல் வழக்கு ஜெயித்தது, மேல்முறையீட்டிலும் 1936ல் நின்றது, மரே உள்ளே போய்ப் படித்து 1938ல் பட்டம் வாங்கினார். இந்த மார்ஷல்தான் 1954ல் பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்ற தீர்ப்பை வாதாடிப் பெற்றவர், 1967ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

மார்ட்டின் லூதர் கிங் 1952ல் பாஸ்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது இதில் சேர்ந்தார். 1959ல் காந்தி தேசத்தைப் பார்க்க வந்து சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் வந்து போனாரே, அதே கிங்தான். அவருக்கு வாஷிங்டனில் ஒரு நினைவிடம் வேண்டும் என்று 1984ல் யோசனை வைத்தது இந்தச் சகோதரர் சங்கம். 1996ல் நாடாளுமன்றத்தின் அனுமதி. 2011ல் திறப்பு. சுமார் 12 கோடி டாலர் வேலை, 30 அடி உயரக் கற்சிலை. யோசனைக்கும் திறப்புக்கும் இடையே இருபத்தேழு வருஷம்! நம்ம சங்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை போடுகிற தீர்மானம் நாலு வருஷமாக நிலுவையில் இருக்கிறது என்று தலைவர் சற்று முன் வருத்தப்பட்டார். கவலைப்பட வேண்டாம் சார், இன்னும் அவகாசம் இருக்கிறது. (சிரிப்பு.)

இவ்வளவு காலம் ஒரு வேலையைத் தூக்கிச் சுமக்க எப்படி முடிந்தது? கல்லூரி முடிந்தால் உறுப்பினர் பதவி முடிவதில்லை. பட்டதாரிகளுக்கு ஊருக்கு ஊர் தனிக் கிளை உண்டு. சாகும் வரை சகோதரன். என் நண்பர் அறுபது வயதுக்கு மேல், கிளைக் கூட்டம் என்றால் பனியில் நாற்பது மைல் கார் ஓட்டிப் போவார். திரும்பி வந்து திங்கட்கிழமை, எந்தப் பையனுக்கு கால்குலஸ் வரவில்லை, யாருக்கு வாடகை பாக்கி என்று என்னிடம் புலம்புவார். அந்தப் பையன்கள் அவருக்கு உறவும் இல்லை, அவர் படித்த கல்லூரியும் இல்லை.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். இந்தச் சங்கங்கள் வசதியான கறுப்பர்களின் பகட்டு மேடையாகிவிட்டன, கோட்டுக்கும் விருந்துக்கும் செலவழிக்கிறார்கள் என்று ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் என்ற கறுப்பினச் சமூகவியல் அறிஞரே 1957ல் ஆங்கிலத்தில் வந்த தன் புத்தகத்தில் கடுமையாகச் சாடினார். ஆள் பொறுக்கிச் சேர்க்கிற எந்தச் சங்கத்துக்கும் அந்த நோய் வரும்.

அதைவிடப் பெரிய விரிசல் ஒன்று உண்டு. புதிதாகச் சேர வருகிறவனைப் பக்குவப்படுத்துகிறேன் என்று சொல்லி அடிப்பது, தூங்க விடாதது, அவமானப்படுத்துவது. அங்கே ஹேசிங் என்பார்கள். நம்ம ஊரில் அதற்கு ராகிங் என்று பெயர். கார்னெல் பல்கலைக்கழகம் திறந்து ஐந்தே வருடத்தில், 1873ல், யூனியன் கல்லூரியில் பிறந்தது என்று சொன்னேனே, அதே கப்பா ஆல்ஃபா சங்கத்தின் சேர்க்கைச் சடங்கில் ஒரு மாணவன் இரவு இருட்டில் பள்ளத்தாக்கில் விழுந்து இறந்தான். அவன் அப்பா அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் தலைமை ஆணையர், போர்ப் படைத் தளபதியாக இருந்தவர். ஆல்ஃபாவிலும் இது நுழைந்தது. திரும்பி வராதவர்களைப் பார்த்து மனம் நொந்து தொடங்கிய சங்கத்தில், 1989ல் அட்லாண்டா நகரில் மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர வந்த பதினெட்டு வயதுப் பையன் வீடு திரும்பவில்லை. என் நண்பர் இதைச் சொன்ன அன்று மேலே ஒன்றும் பேசவில்லை, டார்ச்சை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். 1990ல் ஆல்ஃபா உள்ளிட்ட கறுப்பினச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து பழைய சேர்க்கை முறையையே ஒழித்தன. இருந்தும் மறைவில் நடப்பது முற்றிலும் நிற்கவில்லை. 2024 டிசம்பரில் இதற்கென்று நாடு முழுவதற்குமான ஒரு சட்டமே அமெரிக்காவில் கையெழுத்தானது.

நமக்கு இது புதிய செய்தியா? 1996 நவம்பரில் அண்ணாமலை நகரில் மருத்துவம் முதலாண்டு படித்த நாவரசுவுக்கு நேர்ந்ததை இங்கே இருக்கிற மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர் அப்பாவும் சாதாரண ஆள் இல்லை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். அப்பா துணைவேந்தராக இருந்தே பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை என்றால், கூலி வேலை செய்கிறவர் பிள்ளை எங்கே போய்ச் சொல்லும்? அதற்குப் பிறகுதான் 1997ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். உச்ச நீதிமன்றம் அமைத்த ராகவன் குழுவின் அறிக்கை 2007ல் வந்தது. நான் இந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிக்கிற 2009ல் யுஜிசி விதிமுறைகள் வந்து, ஆளுக்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். வாங்கின பிறகும் சி பிளாக் மொட்டை மாடியில் என்ன நடந்தது என்பது இங்கே முன் வரிசையில் சிரித்துக் கொண்டிருக்கிற சிலருக்கே தெரியும்.

"ராகிங் பண்ணினாத்தான் சீனியர் ஜூனியர் ஒட்டும்" என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். பொறியாளனாகச் சொல்கிறேன், அடித்தால் ஒட்டுவது ஆணியும் மரமும்தான். எனக்கு சீனியரோடு ஒட்டியது வேறு விதமாக. முதல் செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்புக்கு மினி டிராஃப்டர் வாங்கக் காசு இல்லாமல் நின்றபோது, முகம் தெரியாத ஒரு மூன்றாம் ஆண்டு அண்ணன் தன்னுடையதைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதன் அடிப்பாகத்தில் காம்பஸ் முனையால் கீறிய நாலு பெயர் இருந்தது. நாலு அணி கை மாறி வந்த சாமான். ஐந்தாவதாக என் பெயரைக் கீறி, ஆறாவது ஆளிடம் கொடுத்தேன். அது இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். நம்ம ஹாஸ்டலிலும் சகோதரத்துவம் இருந்தது. 'செட்' என்று அதற்குப் பெயர். ஆனால் செட் எதை வைத்துச் சேர்ந்தது? பாதி ஊரை வைத்து, மீதி ஜாதியை வைத்து. மெஸ்ஸில் எந்த மேஜையில் யார் உட்காருவார்கள் என்பதற்கு யாரும் பலகை எழுதி மாட்டவில்லை, இருந்தாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கார்னெலில் அந்த ஏழு பேர் சேர்ந்ததும் இனத்தை வைத்துத்தானே என்று கேட்கலாம். அவர்கள் ஒதுக்கப்பட்டதால் ஒன்றுசேர்ந்தவர்கள். ஒதுக்குவதற்காக ஒன்றுசேர்வது வேறு. இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு இங்கே எல்லோரும் படித்தவர்கள்.

அண்ணன் கேட்டபடி நம் சங்கத்துக்கு வருகிறேன். கணக்குப் போடுவது என் தொழில் என்பதால், எங்கள் அணியின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். 2007ல் முதலாண்டு சிவிலில் சேர்ந்தவர்கள் 58 பேர். நுழைவுத் தேர்வை எடுத்த வருஷம் அது. பிளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்து, கிராமத்துப் பள்ளியில் இருந்து நிறையப் பேர் வந்தோம். 2011 குழுப்படத்தில் எண்ணினால் 61 தலை இருக்கிறது. கூடிவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டாம். இரண்டாம் ஆண்டில் டிப்ளமோ முடித்து நேராகச் சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். எட்டைக் கழித்தால் 53. ஐந்து பேர் நடுவில் காணோம். படம் நிறைவாகத் தெரிவதால் யாரும் தேடவில்லை.

அந்த ஐவரில் மூவரைப் போன மாதம் விசாரித்துக் கண்டுபிடித்தோம். ஒருவன் அப்பா தவறிப் போனதும் தறியில் உட்கார்ந்தவன், இப்போது நாலு தறி சொந்தமாக ஓட்டுகிறான். இன்னொருத்தி தமிழ் மீடியத்தில் 1100க்கு மேல் மார்க் வாங்கி வந்தவள். முதல் செமஸ்டரில் கணக்கு, கெமிஸ்ட்ரி, கிராஃபிக்ஸ் எல்லாம் அரியர். பாடம் தெரியாமல் இல்லை, வகுப்பில் பேசிய இங்கிலீஷ் புரியவில்லை. வீட்டில் கல்யாணம் பேசிவிட்டார்கள். மூன்றாமவன் சேர்ந்த இரண்டாவது வாரமே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கொண்டு ராத்திரி பஸ் ஏறியவன். போனில் நன்றாகப் பேசினான், எல்லோரையும் விசாரித்தான். சங்கமத்துக்கு வாடா என்றேன். "நான் எதை முடிச்சேன்னு வர்றது?" என்றான். மீதி இருவர் பற்றித் தகவல் இல்லை.

சங்க மலரில் ஒவ்வொரு முறையும் முகவரிப் பட்டியல் போடுகிறோம். டிகிரி வாங்கியவர் மட்டும்தான் அதில் உண்டு. விதி அப்படி. இந்த விதியை மாற்ற வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. ஒரு நாள் இங்கே ரோல் நம்பர் வாங்கியிருந்தாலும் அவர் நம்ம கல்லூரி மாணவர் என்று பட்டியலில் வர வேண்டும். விருப்பமில்லை என்றால் அவர்களே சொல்லட்டும், எடுத்துவிடலாம்.

அடுத்தது முதலாண்டுப் பிள்ளைகள். 2010ல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021ல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும் என்றும் அறிவித்தார்கள். ஆக, கதவும் திறந்திருக்கிறது, காசுக்கும் ஓரளவு வழி இருக்கிறது. கார்னெலில் அந்த ஆறு பேருக்கும் கதவு திறந்துதான் இருந்தது. முதல் செமஸ்டர் கணக்குத் தாளும், புரியாத இங்கிலீஷும், சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் ஹாஸ்டலில் வருகிற அந்தத் தனிமையும் அரசு ஆணையில் வராது. அதற்கு ஆள் வேண்டும். முதலாண்டுப் பிள்ளைகளில் கேட்கிறவர்களுக்கு ஒரு மூன்றாம் ஆண்டு மாணவரும், வெளியே வேலையில் இருக்கும் ஒரு முன்னாள் மாணவரும் என்று இரண்டு பேர். வாரம் ஒரு போன், மாதம் ஒரு முறை நேரில். எங்கள் அணியில் பதினாறு பேர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டோம். மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் யார் யார் வருகிறீர்கள் என்று சாப்பாட்டுக்கு முன் என்னிடம் பெயர் கொடுங்கள். ஒரு நிபந்தனை: உங்கள் ஊர்க்காரன், உங்கள் ஆள் என்று தேர்ந்தெடுக்க முடியாது. குலுக்கல்தான்.

முதல்வர் அவர்கள் பெருந்தன்மையோடு அட்மிஷன் ரிஜிஸ்டர்களைப் பார்க்க அனுமதி தந்திருக்கிறார்கள். ரிஜிஸ்டரை ஒரு பக்கமும், பட்டம் பெற்றவர் பட்டியலை மறுபக்கமும் வைத்து வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும். மதியம் மூன்று மணிக்கு நூலக மாடியில் உட்காருகிறோம். ஒவ்வொரு அணியில் இருந்தும் இரண்டு பேர் வந்தால் போதும். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு நீள ஸ்கேல் கொண்டு வாருங்கள். பழைய ரிஜிஸ்டரில் வரி ரொம்ப நெருக்கம், கண் தவறிவிடும்.